மீனுக்கு முன்னால் மாத்திரை

காலையிலிருந்து வெயிலையும் எங்கள் பேச்சையும் ஒருசேரத் தாங்கி, இவ்விழாவுக்குத் தலைமையும் தாங்கிக்கொண்டிருக்கும் மாரியூர்க் கரைவலைச் சங்கத் தலைவர் அய்யா பாண்டித்துரை அவர்களே! மகளை அழைத்துக்கொண்டு கீழக்கரையிலிருந்து வந்து, எங்கள் மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேடையில் அமர்ந்திருக்கும் பெருமகனார் சதக்கத்துல்லா அவர்களே! கிழக்குக் கயிறு இழுக்கும் கட்டுறுதித் தோள்களே, மேற்குக் கயிறு இழுக்கும் மிடுக்கான தோள்களே! முந்தானையில் உப்பும் முகத்தில் சிரிப்புமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! சாயல்குடிப் பள்ளியில் என்னிடம் குட்டு வாங்கி, இன்று மீசை முறுக்கிக் கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் மாணவச் செல்வங்களே! மேடைக்குப் பின்னால் அண்டாவில் பாறைமீன் குழம்பைக் கொதிக்கவிட்டு, என் பேச்சை எவரும் கவனிக்கவிடாமல் செய்துகொண்டிருக்கும் சமையல் வல்லுநர்களே! எல்லோருக்கும் மேலாக, முனைவர் பட்டம் பெற்று நம் கடற்கரைக்கு வந்திருக்கும் விழா நாயகி, என் மாணவி நஸீஹாவே! உங்கள் அனைவருக்கும் தமிழாசிரியை கனகலட்சுமியின் கைகூப்பிய வணக்கம்.

தலைவர் அய்யா காதோடு காதாகச் சொன்னார், "டீச்சர், சுருக்கமா முடிங்க, பந்தி காத்துக் கெடக்கு" என்று. அய்யா, சுருக்குவலை போடக் கூடாது என்று கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டதே நீங்கள்தானே? எனக்கு மட்டும் ஏன் சுருக்கச் சொல்கிறீர்கள்? (கை தட்டாதீர்கள், அவர் கோபித்துக்கொள்வார்.)

இன்று நான் ஒரு வாசலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத வாசல். காசு கொடுத்தாலும் திறக்காத வாசல். நம் ஒவ்வொருவர் உடலுக்குள்ளும் கோடி கோடியாய் இருக்கும் வாசல். அந்த வாசலைப் பற்றிச் சொல்லுமுன், என் வீட்டு வாசலில் நின்ற ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் கணவர், வீரபத்திரன்.

என்ன சிரிப்பு அங்கே? "பேரச் சொல்லிப்புட்டாக" என்றா? ஆமாம், சொன்னேன். இன்னொரு முறையும் சொல்வேன். வீரபத்திரன்! ஏன் சொல்கிறேன் தெரியுமா? இதே ஊர் அவருக்கு வேறொரு பெயர் வைத்திருந்தது. "தள்ளாட்டம்" என்பது அந்தப் பெயர். "ஏலே, தள்ளாட்டம் வாரான் பாரு" என்று இந்தக் கரையில் சொன்னார்கள். சொன்ன வாய்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றன. தலையைக் குனிய வேண்டாம் தம்பி, நான் பெயர் சொல்லப் போவதில்லை. ஊர் ஒருவரின் பெயரை அழிக்கும்போது, அதை உரக்கச் சொல்ல வேண்டியவள் மனைவிதான்.

நாற்பது வயதுகூட நிறையாத மனிதர். கிழக்குக் கயிற்றில் முதல் ஆள். அவர் தந்தை நின்ற இடம், தந்தைக்குத் தந்தை நின்ற இடம். அந்த மனிதருக்கு முதலில் இடக்கை நடுங்கியது. பிறகு கால் விரல்கள் தாமாக மடங்கின. பிறகு வந்தது பாருங்கள் ஒரு விந்தை! தெருவெல்லாம் நடந்து வருவார், வீட்டு வாசல்படிக்கு வந்ததும் நின்றுவிடுவார். ஆணி அடித்ததுபோல் நிற்பார். "ஏங்க, உள்ள வாங்க" என்பேன். "வாரேன்டி, வாரேன். காலு வரமாட்டேங்குது" என்பார். தெருவில் என்ன பேசினார்கள்? "குடிச்சுட்டு வந்துருக்கான், டீச்சரம்மா உள்ள விடல" என்று பேசினார்கள். நான் விடாமலா நின்றார்? வாசல் திறந்துதான் கிடந்தது. கால்தான் திறக்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கரைவலை என்றால், படகில் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரு கூட்டம் இழுப்பது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் தாமதித்தால் வலை கோணிப்போகும், மீன் அந்தப் பக்கமாக நழுவிப் போகும். ஒருநாள் இழுப்பின் நடுவில் என் கணவரின் கால் நின்றது. பின்னால் வந்தவர்கள் அவர்மேல் முட்டி விழுந்தார்கள். வலை கோணியது. அத்தனை மீனும் கண்ணெதிரே போயிற்று.

கயிற்றுக்குத் தலைவர் வேல்ராஜ் அண்ணன். இதோ இரண்டாம் வரிசையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அன்று அவர் கேட்டார், "மாப்ள, குடிச்சுட்டுக் கயித்தத் தொடலாமா?" என்று.

"சாமி சத்தியமா குடிக்கல மச்சான்."

"அப்பறம் ஏன்டா நிக்கிற?"

அவர் என்னவென்று சொல்வார்? அவருக்கே தெரியாதே! "ஆடி முடியட்டும். அதுக்குள்ள சரியாகலன்னா ஒன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன்" என்றார் அண்ணன். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. நாற்பது குடும்பத்தின் உலை அந்தக் கயிற்றில் இருக்கிறது. ஆனால் அன்றிரவு என் கணவர் சோற்றைத் தொடவில்லை.

போகாத இடம் உண்டா? இராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினோம். ஏர்வாடி தர்காவில் என் மாமியார் ராமலெட்சுமி மண்டியிட்டு அழுதார். பிறகு மதுரைக்குப் போனோம். பெரிய டாக்டர் கையை மடக்கிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், பார்க்கின்சன் நோயாக இருக்கலாம் என்றார். மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன, அதனால்தான் நடுக்கம், அதனால்தான் கால் நிற்கிறது என்றார். ஒரு மாத்திரை எழுதினார். "சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னாடி" என்றார். இது பலித்தால் அந்த நோய்தான், பலிக்காவிட்டால் வேறு ஏதோ என்று யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நம்பிக்கையோடு வந்தோம். நாள்கள் போயின. வாரங்கள் போயின. பலிக்கவில்லை! மாத்திரை பலிக்கவே இல்லை! கையும் நடுங்கியது, காலும் நின்றது, ஆடியும் ஓடியது. என் கணவர் சொன்னார், "போதும்டி, விட்டுரு. திருப்பூருக்குப் போயி வாட்ச்மேன் வேலை பாக்கேன். கேட்டுக்கிட்ட சும்மா நிக்கத்தான எனக்கு வருது." தாய்மார்களே, சிரிப்பது போலத்தான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மாத்திரை ஏன் பலிக்கவில்லை? டாக்டர் தவறா? மருந்து போலியா? இல்லை! அன்பு, என் மாமியாரின் அளவற்ற அன்பு! "வெறும் வயித்துல வெசம் மாதிரி மாத்திரையப் போட்டா குடலு வெந்து போகும்யா. ரெண்டு துண்டு மீனத் தின்னுட்டு முழுங்கு" என்பார். இரண்டு துண்டா? வேளைக்கு ஒரு தட்டு! காலையில் பழைய சோற்றுக்குச் சூடைக் கருவாடு, மதியம் ஊளி, இரவு நெத்திலி. மகன் இளைக்க இளைக்க மீன் பெருகியது. மாத்திரை பலிக்காமல் போகப் போக, இன்னும் தெம்பு வேண்டும் என்று மீன் மேலும் பெருகியது. இந்தப் பந்தலில் இருக்கும் எந்த வீட்டில் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கைகூட இல்லை!

அப்போதுதான், பெருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்த நஸீஹா, ஒரு டப்பா நிறையத் தொதல் இனிப்போடு என்னைப் பார்க்க வந்தாள். பத்தாம் வகுப்பில் என் தமிழ்ப் பாடத்தின்போது, மேசைக்கடியில் அறிவியல் புத்தகம் படித்து என்னிடம் மாட்டிக்கொண்டவள். அப்போது பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். என் மாமியார் வழக்கம்போல ஒரு கவளம் சோறு, அதன்மேல் ஊளித் துண்டு, அதற்குள் மாத்திரை என்று உருட்டி மகன் கையில் கொடுத்தார். நஸீஹா பார்த்தாள்.

"டீச்சர், நிறுத்தச் சொல்லுங்க! மாமா, அத வாயில போடாதீங்க!"

வீடே அதிர்ந்தது. என் கணவரின் கை வழக்கம்போல நடுங்கியது, கவளம் இலையில் விழுந்தது. எந்த மாத்திரை, எவ்வளவு நாளாக, எதோடு சாப்பிடுகிறார் என்று அவள் கேட்கக் கேட்க, அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் துயரத்தைக் கேட்டுச் சிரிக்கிறாளே இந்தப் பெண் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"டீச்சர், மருந்து தோக்கல. மருந்து இன்னும் உள்ளயே போகல!"

என்ன சொன்னாள் என்று கேளுங்கள். மீனில் இருப்பது புரதம். வயிற்றில் அது சின்னஞ்சிறு துண்டுகளாகிறது. அந்தத் துண்டுகள் குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் போக ஒரு வாசல் வேண்டும். இந்த மாத்திரைக்கும் அதே வாசல்தான்! ஒரு தட்டு மீனின் கூட்டம் முண்டியடித்து நுழையும்போது ஒற்றை மாத்திரைக்கு எங்கே இடம்? நின்றது ஐயா, நின்றது! என் கணவர் வீட்டு வாசலில் நின்றதுபோல, அவருடைய மருந்தும் வாசலில் நின்றது!

என் மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எங்க மீனு குத்தமாத்தா? எங்க வம்சமே இதத் தின்னுதான் வளந்துச்சு" என்றார்.

"மீன் குத்தமில்ல பாட்டி. நேரந்தான் குத்தம். மாத்திரை முன்னாடி போகட்டும், மீன் பின்னாடி வரட்டும்" என்றாள் நஸீஹா.

மறுநாள் காலை எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டுமே! வெறும் தண்ணீரில் மாத்திரை. என் மாமியார் மீன்சட்டியை மடியில் வைத்து, மூடியை இரு கையாலும் அழுத்திக்கொண்டு காவல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் இடக்கையைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எழுந்தார். வாசலுக்குப் போனார். தாண்டினார்! வெளியே போனவர் திரும்பினார், உள்ளே தாண்டினார்! மறுபடி வெளியே, மறுபடி உள்ளே! சின்னப்பிள்ளை போல அந்த வாசலைத் தாண்டித் தாண்டி விளையாடினார் ஐயா! என் மாமியார் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எம்மவன் வந்துட்டான், எம்மவன் வந்துட்டான்" என்று தெருவுக்கே ஓடினார்.

மருந்து எவ்வளவு நாள் வேலை செய்யும், எப்போது அளவை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் மதுரை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னோம், அவரும் மகிழ்ந்தார். ஆனால் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. ஏன்? மூளையில் அந்தச் செல்கள் ஏன் அழிந்தன? எந்தப் பாவம் செய்தோம்? நஸீஹாவிடம் கேட்டேன். அவள் இந்தக் கடற்கரைக்கு என்னைக் கூட்டிவந்து, மணலில் விரலால் படம் போட்டாள். அந்தப் படத்தைத்தான் இப்போது உங்கள் முன் விரிக்கிறேன். பயப்படாதீர்கள், தேர்வு வைக்க மாட்டேன்.

நம் உடலில் ஏறத்தாழ எல்லாச் செல்களுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்னும் சின்னஞ்சிறு உலைகள் உண்டு. செல்லுக்கு வேண்டிய சக்தியைச் சமைப்பவை அவை. அவற்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். தாமே செய்துகொள்வது எத்தனை? பதின்மூன்று! மீதியெல்லாம் வெளியே உருவாகி, உள்ளே வந்து சேர வேண்டும். எப்படி வரும்? அந்த உலைக்கு இரண்டு சுவர்கள், இரண்டிலும் வாசல்கள்; மாத்திரை போகும் வாசல் வேறு, இவை வேறு. பெரும்பாலான புரதங்களின் தலைப்பில் முகவரி எழுதியிருக்கிறது. வாசல் அதைப் படிக்கிறது. சுருண்டு கிடக்கும் புரதம் அப்படியே நுழைய முடியாது, நீள நூலாக நீண்டு நுழைய வேண்டும். நுழைந்ததும் உள்ளே இருப்பவை அதைப் பிடித்துப் பிடித்து இழுக்கின்றன. கிழக்குக் கயிறாரே, மேற்குக் கயிறாரே, கேட்டீர்களா? உங்கள் வேலைதான்! உங்கள் உடலுக்குள் இந்தக் கணத்திலும் கயிறு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்! கூலியில்லாமல் இழுக்கிறார்கள், ஆடியிலும் இழுக்கிறார்கள், நீங்கள் குறட்டை விடும்போதும் இழுக்கிறார்கள்!

இனிதான் நெஞ்சைத் தொடும் இடம். பிங்க் என்றொரு காவல் புரதம். உலை நலமாக இருந்தால் அது வாசல் வழியே உள்ளே இழுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, இல்லாமல் போகும். அதுதான் நல்ல செய்தி. உலை பழுதானால்? இழுக்கும் சக்தி போய்விடும். பிங்க் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நிற்கும். தினமும் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் போய்விடும் மனிதர் ஒருநாள் வாசலிலேயே நின்றால், தெருவார் என்னவென்று வந்து கேட்க மாட்டார்களா? அப்படிக் கேட்க வருவதுதான் பார்க்கின் என்னும் இன்னொரு புரதம். அது வந்து பழுதான உலைக்கு அடையாளம் போடும், செல் அதை அப்புறப்படுத்தும். அந்தப் பார்க்கினே இல்லாவிட்டால்? கெட்ட உலைகள் குவிந்து, மூளையின் டோபமின் செல்கள் ஒவ்வொன்றாக மடியும்.

பின்னர் என் கணவரின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அவரிடம் பழுதுபட்டிருந்தது அந்தப் பார்க்கின்தான். என் மாமனாரும் மாமியாரும் மாமன் மகன், அத்தை மகள். பார்க்கினைச் செய்யும் மரபணு எல்லோருக்கும் இரண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இருவரிடமும் ஒரு பழுதும் ஒரு நல்லதும் இருந்திருக்கின்றன, அதனால் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகனுக்கு இரண்டு பழுதும் சேர்ந்து வந்துவிட்டன. அவ்வளவுதான்! குலதெய்வக் குற்றமில்லை. செய்வினை இல்லை. தாய் செய்த பாவமில்லை. இத்தனை ஆண்டு தன்னையே சபித்துக்கொண்டிருந்த என் மாமியார் அதைக் கேட்டு நஸீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணலல்ல தாயீ?" என்று கேட்டார். "நீங்க ஒண்ணுமே பண்ணல பாட்டி" என்றாள் இவள். ஏர்வாடியில் அழுத அழுகைதான் கீழக்கரையிலிருந்து இந்தப் பிள்ளையை அனுப்பியது என்று என் மாமியார் இன்றும் சொல்வார். நான் மறுத்துப் பேசுவதில்லை. சொந்தத்தில் பெண் எடுக்கும் வீடுகள் மட்டும், மண்டபம் பேசுமுன் ஒருமுறை டாக்டரிடமும் பேசுங்கள்.

மறுபடி கயிற்றுக்கு வருவோம். அண்ணன் கெடு வைத்த ஆடி முடிய இருந்தது. ஒரு விடியலில் என் கணவர் கரைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். நேராக வேல்ராஜ் அண்ணன் முன் போய் நின்று, வாயை ஆவென்று திறந்து, "மோந்து பாரு மச்சான்" என்றார். அண்ணன் ஒரு கணம் பார்த்தார். அண்ணனே, சொல்லட்டுமா? சொல்கிறேன். "ஏலே, என்னைய மன்னிச்சுரு" என்று சொல்லிவிட்டு, தன் கையிலிருந்த கயிற்றை அவர் கையில் வைத்தார். கிழக்குக் கயிறு, முதல் இடம்! கயிறு நகர்ந்தது. பாதி இழுப்பில் என் கணவரின் கால் ஒருமுறை தயங்கியது. நான் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார். கத்தவில்லை. பாட்டை உயர்த்தினார். தாளம் கேட்டால் இந்தக் கால் நகரும் என்று டாக்டர் சொன்னது அவருக்கும் தெரிந்திருந்தது. ஏலேலோ என்றது கிழக்கு, ஐலசா என்றது மேற்கு, வந்தது வலை! நேராக வந்தது! நெத்திலியும் சூடையுமாக வெள்ளிக் குவியலாய் வந்தது!

அன்பர்களே! நோய் போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது இருக்கிறது. மருந்து அதை அடக்குகிறது, அழிக்கவில்லை. ஆனால் வாசலைக் கண்டுபிடித்துவிட்டோம்! பழுது எங்கே என்று தெரியாதவரை அது பேய், அது சாபம், அது தள்ளாட்டம். தெரிந்துவிட்டால்? அது வேலை! இழுக்க வேண்டிய கயிறு! செல்லுக்குள் இருக்கும் அந்த உலையின் வாசல் எப்படித் திறக்கிறது, எப்போது அடைபடுகிறது, அடைபட்டதைச் செல் எப்படி அறிகிறது என்றுதான் நம் நஸீஹா ஆராய்ந்து பட்டம் பெற்றிருக்கிறாள். நம் மணலில் படம் போட்ட விரல் அது! உலகில் எத்தனையோ பேர் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். நம் கரையிலிருந்தும் ஒரு கை அதில் இருக்கிறது. நகரும்! கயிறு நகரும்! திறக்கும்! ஒருநாள் அந்த வாசலும் திறக்கும்!

என்ன அது, கைபேசியில் மணி அடிக்கிறது? யாரும் பதற வேண்டாம். என் கைபேசிதான். மாத்திரை நேரம்.

வீரபத்திரன் அவர்களே, மேடைக்கு வாருங்கள். மாத்திரை என்னிடம்தான் இருக்கிறது. வரட்டும், மெதுவாக வரட்டும், காலையில் போட்ட மாத்திரையின் வேகம் குறையும் நேரம். தம்பி, கை கொடுக்காதே, அவரே ஏறுவார். ஒரு படி. இரண்டு படி. நின்றுவிட்டாரா? நிற்கட்டும். இன்று இந்த ஊரில் யாரும் அவரைக் குடித்திருக்கிறார் என்று சொல்லப் போவதில்லை. நான் பாட்டுக்காரி இல்லை, தமிழ் டீச்சர். இருந்தாலும் கேளுங்கள். ஏலேலோ! என்ன, பதில் எங்கே? ஏலேலோ! அப்படிச் சொல்லுங்கள்! இன்னும் உரக்க, மேற்குக் கயிறு! இதோ கால் வந்துவிட்டது! இதோ வந்துவிட்டார்!

இந்தாங்க. தண்ணீர். முழுங்குங்க.

சமையல்கட்டிலிருந்து யார் கூப்பிடுவது? "சோறு ஆறுது, பந்தி போடலாமா" என்றா? அரை மணி ஆகுமே அண்ணே... வேல்ராஜ் அண்ணன் எழுந்துவிட்டார். என்ன சொல்கிறார்? மைக்கில் விழவில்லை, நானே சொல்கிறேன். "ஆறட்டும்லே! மாப்ள மாத்திரை உள்ள போகட்டும். அதுவரைக்கும் ஒரு பயலும் இலையில ஒக்காரக் கூடாது!"

கேட்டீர்களா? இதோடு நான் முடித்துக்கொள்கிறேன். மீன் வாசம் வீசும் நண்பகலில், பசித்த வயிறோடு, ஒரு மனிதருக்காகக் காத்திருக்கும் மாரியூரே, உனக்கு நன்றி. மீன் கவளத்தைத் தடுத்து, அவர் மருந்துக்கு வழிவிட்ட பிள்ளை நஸீஹாவுக்கும், அவளைப் பெற்றுப் படிக்க வைத்த பெருமகனார் சதக்கத்துல்லா அவர்களுக்கும் நன்றி. மடியில் மீன்சட்டியைக் காத்த என் மாமியாருக்கு நன்றி. அரை மணி கழித்து எல்லோரும் ஒன்றாக எழுவோம், ஒரே பந்தியில் அமர்வோம். முதல் இலை என் கணவருக்கு, அவர் நடந்து போய் உட்காருவார். வணக்கம்.